ஒரே புற்றில் பறித்த காளான், ஆய்வக முடிவில் இரண்டு பூஞ்சை: எந்தப் பெயரை எழுதுவது?

கொட்டான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முதுகலைத் தாவரவியல் இறுதியாண்டு படிக்கிறேன். ஊர் கானாடுகாத்தான் பக்கம். எங்கள் பகுதியில் மழைக்காலத்தில் மக்கள் பறித்துச் சமைக்கும் காளான்களை இனம் கண்டு பட்டியலிடுவதுதான் என் திட்டக் கட்டுரை. அதில் ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டு மூன்று வாரமாக ஒரு வரிகூட எழுத முடியவில்லை.

ஐப்பசி இரண்டாம் வாரம் இரவு முழுவதும் இடி. விடிவதற்குள் அப்பத்தா என்னை எழுப்பிவிட்டார். "புற்றடிக்குப் போ, இன்று விட்டால் நாளை புழு வைத்துவிடும்" என்றார். ஊருணிக்கு மேற்கே செம்புராங்கல் மேட்டில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கறையான் புற்று இருக்கிறது. அதன் அடியில் பதினொரு காளான்கள் நின்றன. ஒன்றை மாதிரிக்கு எடுத்தேன். அதுதான் க-3. குடையின் அகலம் ஒன்பது சென்டிமீட்டர். வெள்ளை நிறம், நடுவில் மட்டும் சாம்பல் கலந்த பழுப்பு முனை. தண்டில் தடித்த வளையம். மண்ணுக்குள் பொய்வேர், அதாவது தண்டின் வேர் போன்ற நீட்சி, இறங்கிக்கொண்டே போனது, ஒரு முழம் தோண்டியும் முடிவு தெரியவில்லை, ஒடிந்துவிட்டது.

நான்கு நாள் கழித்து அதே புற்றில் மறுபடியும் முளைத்திருந்தது. இந்த முறை குடை நான்கு சென்டிமீட்டர்தான். நிறம் பழுப்பு. வளையம் கிழிந்து ஒரு பக்கம் தொங்கியது. இது க-4.

மூன்றாவது, இரண்டாங்கட்டுக்குப் பின்னால் கிணற்றடிப் புல்லில் வந்தது, க-7. பெரிய வெள்ளைக் குடை, மேலே பழுப்புச் செதில்கள், தண்டில் வளையம். பார்க்க அழகாக இருந்தது. அப்பத்தா அதைக் கண்டதும், "அது நாய்க்குடை, கைகழுவிவிட்டு வா" என்றார்.

மூன்றையும் ஒரு தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பி பூஞ்சை இனங்களைப் பிரித்தறிய உதவும் ஐடிஎஸ் பகுதியின் மரபணு வரிசையை வாங்கினேன். பொதுத் தளத்தில் பலர் சேர்த்து வைத்திருக்கும் வரிசைகளோடு ஒப்பிட்ட முடிவு இது:

க-3: 99 சதவீதம் பொருத்தம். ஆனால் அதே 99 சதவீதத்தில் மூன்று பெயர்கள் வருகின்றன. டெர்மிடோமைசஸ் ஹெய்மி, டெர்மிடோமைசஸ் யூரைசஸ், இனப்பெயர் இல்லாமல் வெறும் டெர்மிடோமைசஸ்.

க-4: சைலேரியா, 98 சதவீதம்.

க-7: குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ், கிட்டத்தட்ட முழுப் பொருத்தம்.

க-7 பற்றி எனக்குக் குழப்பம் இல்லை. க-4தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. சைலேரியா என்றால் குடையும், குடைக்கு அடியில் தகடு தகடாக இருக்கும் செவுளும் இல்லாத, கறுப்பு விரல் போன்ற பூஞ்சை என்று படித்திருக்கிறேன். நான் பறித்ததில் குடையும் இருந்தது, செவுளும் இருந்தது. என் வழிகாட்டியோ, "உருவம் பார்ப்பதெல்லாம் பழைய காலம், வரிசை என்ன சொல்கிறதோ அதையே எழுது" என்கிறார். அப்பத்தாவிடம் இரண்டு படங்களையும் காட்டினேன். "முதல் இடிக்கு வருவது பருத்து வரும், பின்னால் வருவது சூம்பி வரும், இரண்டும் ஒன்றுதான்" என்றார். அறுபது ஆண்டுகளாக அதே புற்றில் பறித்துக் குழம்பு வைத்தவர் அவர்.

யார் சொல்வதை எழுதுவது? தெரிந்தவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள்.

மைக்ரான் எழுதியது:

நான் மரபணு வரிசை ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன் (நீங்கள் அனுப்பிய இடம் அல்ல). பதில் சொல்வதற்கு முன் மூன்று விவரங்கள் வேண்டும். க-4இல் எந்தப் பகுதியிலிருந்து திசு வெட்டினீர்கள்? வெட்டும்வரை எப்படி வைத்திருந்தீர்கள்? வரிசையோடு வண்ண மேடுகள் கொண்ட வரைபடக் கோப்பும் வந்திருக்கும், அதைத் திறந்து பார்த்தீர்களா?

கொட்டான் எழுதியது:

குடையும் செவுளும் உலர்மாதிரிக்கு முழுதாக வேண்டும் என்று நினைத்து, பொய்வேரின் அடிநுனியிலிருந்து வெட்டினேன். குழாய்த் தண்ணீரில் கழுவினேன். அன்று ஊரில் ஒரு விசேஷம் இருந்ததால் இரண்டு நாள் பிளாஸ்டிக் பையில் குளிர்பெட்டியில் இருந்தது. க-3ஐ மட்டும் பறித்த அன்றே குடையின் உட்சதையிலிருந்து எடுத்துவிட்டேன். வரைபடம் இரண்டிலும் சுத்தமாக இருக்கிறது. மேடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறவில்லை. அதனால்தான் க-4 முடிவு சரியென்று நம்பினேன்.

மைக்ரான் எழுதியது:

அப்படியானால் காரணம் பெரும்பாலும் அந்த அடிநுனிதான். சுத்தமான வரைபடம், ஒரே ஒரு பூஞ்சையின் மரபணுதான் பெருகியது என்பதற்குச் சாட்சி. அந்த ஒன்று நீங்கள் கையில் பிடித்திருந்த காளான்தானா என்பதை அது சொல்லாது. மரபணுவைப் பெருக்க நாம் போடும் தொடக்கத் துண்டுகள் எல்லாப் பூஞ்சைக்கும் பொதுவானவை. இரண்டு நாள் ஈரத்தில் புழுங்கிய வேரில் காளானின் சொந்த மரபணு சிதைந்து, மண்ணோடு ஒட்டி வந்த பூஞ்சை உயிரோடு இருந்தால், கருவி அதைத்தான் படிக்கும். உலர்மாதிரி பத்திரமாக இருக்கிறது அல்லவா? அதை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

அம்மா, முப்பத்தோரு ஆண்டு கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பூஞ்சைகள்தான் என் பாடம். உங்கள் கேள்வியைப் படித்தபின் வேறு வேலை ஓடவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் அப்பத்தா சொன்னது சரி என்றே நினைக்கிறேன். அதற்கு அறிவியல் ஆதாரமும் இருக்கிறது. கறையான் தன் புற்றுக்குள் அரைத்துப் போட்ட மரத்தூளையும் சருகையும் கொண்டு தேனடை போன்ற ஓர் அடை கட்டி, அதில் டெர்மிடோமைசஸ் பூஞ்சையை வளர்க்கிறது. நம் வயலில் ஒரே ரக நெல் போடுவது போல ஒரு புற்றில் ஒரே மரபைச் சேர்ந்த பூஞ்சைதான் வளர்கிறது என்று டூர் ஆனன் என்பவரின் குழு ஆப்பிரிக்கக் கறையான் புற்றுகளை ஆராய்ந்து 2009இல் வெளியிட்டது. நான்கு நாள் இடைவெளியில் ஒரே புற்றில் வந்த இரண்டும் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முதல் மழைக்கு அடையில் சேர்ந்திருந்த சத்தெல்லாம் பருத்த காளானாக வெளியேறிவிடும். மிச்சத்தில் வருவது சூம்பித்தான் வரும்.

அப்படியென்றால் சைலேரியா எங்கிருந்து வந்தது? அதுவும் அந்தப் புற்றில் குடியிருப்பதுதான். கறையான் நடமாட்டம் இருக்கும்வரை அடைக்குள் அடங்கி, கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். கறையான் விட்டுப்போன அடையை எடுத்து ஈரத்தில் மூடி வைத்துப் பாருங்கள், சில நாளில் கறுப்பு விரல்கள் எழும்பும். நம் நாட்டு வைத்தியர்கள் புற்றைத் தோண்டி எடுக்கும் கறுத்த உருண்டையைப் புற்றுமாங்காய் என்பார்கள், நிலமாங்காய் என்ற பெயரும் உண்டு. சைலேரியா நைக்ரிப்பஸ் என்ற பூஞ்சை உறங்குவதற்காகத் திரட்டிக்கொள்ளும் உருண்டை அது. உங்கள் காளானின் பொய்வேர் அந்த அடையிலிருந்துதான் கிளம்பி வருகிறது. நீங்கள் வெட்டியது சரியாகச் சைலேரியாவின் வாசற்படியில். ஆகவே ஆய்வகம் தவறாகப் படிக்கவில்லை. நீங்கள் கேட்க நினைத்த ஆளை விட்டுவிட்டு அடுத்த வீட்டு ஆளின் பதிலை வாங்கி வந்திருக்கிறீர்கள்.

இனி க-3க்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியம்.

ஐடிஎஸ் என்பது என்ன என்று உங்களுக்குத் தெரியும், இங்கு படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். புரதம் செய்யும் ரைபோசோமுக்கான மரபணுக்கள் பூஞ்சையில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன: 18எஸ், 5.8எஸ், 28எஸ். இந்த மூன்றும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்லத்தான் மாறுகின்றன. அவற்றுக்கு நடுவே இருக்கும் இரண்டு இடைவெளிகள் ரைபோசோமில் சேர்வதில்லை, அதனால் அவை வேகமாக மாறுகின்றன. பக்கத்து மரபணுக்கள் மாறாததால் அங்கே தொடக்கத் துண்டைப் பிடித்துக்கொள்ளலாம், இடைவெளி மாறுவதால் இனத்தைப் பிரிக்கலாம். ஒரு செல்லில் இந்தத் தொகுதி பல பிரதிகளாக இருப்பதால் பழைய உலர்மாதிரியின் சிறு துணுக்கிலிருந்தும் கிடைக்கும். இன்றும் நாம் எடுக்கும் ஐடிஎஸ்1, ஐடிஎஸ்4 என்ற தொடக்கத் துண்டுகளை 1990இல் டாம் ஒயிட் குழுவினர் வெளியிட்டார்கள். 2012இல் கான்ராட் ஷோக் தலைமையில் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து இதையே பூஞ்சைகளின் பொது அடையாளப் பட்டையாக முன்மொழிந்தார்கள்.

ஆனால் வரிசை தானாகப் பெயர் சொல்வதில்லை. உங்கள் அறுநூற்றுச் சொச்சம் எழுத்துகளையும் பொதுத் தளத்தில் ஏற்கெனவே இருக்கும் எழுத்துகளோடு ஒப்பிட்டு, அங்கே யாரோ ஒட்டிய பெயர்ச்சீட்டைத்தான் உங்களுக்குக் காட்டுகிறார்கள். அந்த யாரோ ஒருவர் தம் காளானை எப்படி இனம் கண்டார்? நுண்ணோக்கியில் பார்த்தாரா, சந்தையில் கேட்ட பெயரைப் போட்டாரா? பெரும்பாலும் தெரியாது. 2003இல் வெளியான ஓர் ஆய்வு, அன்று பொதுத் தளங்களில் இருந்த பூஞ்சை வரிசைகளில் ஐந்தில் ஒரு பங்கு வரை நம்பத்தகாத பெயரோடு இருக்கலாம் என்று சொன்னது. பெயரை மாற்றும் உரிமை வரிசையைக் கொடுத்தவருக்கே என்பதால் பழைய பிழைகள் அப்படியே கிடக்கின்றன. ஒரே 99 சதவீதத்தில் மூன்று பெயர் வருவதன் காரணம் இதுதான். மூவர் மூன்று விதமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள், பூஞ்சை ஒன்றாகவே இருக்கலாம்.

அப்போது எதை நம்புவது? பெயர் பிறந்த இடத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு இனப்பெயரும், அந்தப் பெயரை வைக்க ஆதாரமாக எடுத்த மூலமாதிரியில் கட்டப்பட்டிருக்கிறது. டெர்மிடோமைசஸ் ஹெய்மியை 1979இல் விவரித்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன். தென்னிந்தியாவில் பறித்த காளான் அது. டெர்மிடோமைசஸ் என்ற பேரினத்தையே 1942இல் வகுத்த பிரெஞ்சு அறிஞர் ரோஜே ஹெய்மைப் போற்றும் பெயர் அது. யூரைசஸின் கதை இன்னும் பழையது. இலங்கையிலிருந்து போன மாதிரியை வைத்து 1847இல் பெர்க்லி என்ற ஆங்கிலேயர் அதை விவரித்தார். அத்தனை பழைய மாதிரிகளில் மரபணு துண்டுதுண்டாகச் சிதைந்திருக்கும், முழு வரிசை கிடைப்பது அரிது. ஆகையால் பொதுத் தளத்தில் யூரைசஸ் என்று கண்டால், எந்த மாதிரியிலிருந்து எடுத்தது என்று பாருங்கள். தேடும்போது மூலமாதிரிகளின் வரிசைகளை மட்டும் காட்டு என்று குறியிடும் வசதி அந்தத் தளத்திலேயே இருக்கிறது. யுனைட் என்ற பூஞ்சைத் தளத்திலும் தேடுங்கள், அங்கே துறை அறிந்தவர்கள் பெயர்களைச் சரிபார்க்கிறார்கள்.

சதவீதத்தையும் எல்லைக்கோடாக வைத்துக்கொள்ள வேண்டாம். 97க்கு மேல் வந்தால் ஒரே இனம் என்று ஒரு வழக்கம் இருந்தது. சில பேரினங்களில் தனித்தனி இனங்களே 99க்கு மேல் ஒத்துப்போகும். ஃபியூசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் போன்றவற்றில் ஐடிஎஸ் மட்டும் போதவே போதாது, வேறு மரபணுக்களும் வேண்டும்.

இந்த இடத்தில்தான் உருவம் தேவைப்படுகிறது. அதைப் பழைய காலம் என்று தள்ளுவதைக் கேட்டால் எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. நீங்கள் எழுதிய தடித்த வளையம், ஹெய்மியின் விவரிப்பில் இருக்கும் அடையாளம். அதே புற்றுக்காளான் குடும்பத்தில் கிளைப்பியேட்டஸ் என்று ஒன்று உண்டு, அதற்குக் குடையின் நடுமுனை ஆணி போலக் கூராக இருக்கும், வளையம் கிடையாது. மழைக்காலத்தில் புற்றுக்கு மேலே அல்லாமல் தரையில் நூற்றுக்கணக்கில் பொடிப்பொடியாக முளைப்பது மைக்ரோகார்பஸ், கறையான் வெளியே கொண்டுவந்து கொட்டிய அடைத் துகளிலிருந்து வருவது. இவற்றையெல்லாம் கண்ணாலேயே பிரிக்கலாம், கருவி வேண்டாம். பிறகு ஸ்போர், அதாவது காளானின் விதை போன்ற தூள், விழுந்து பதியும் அச்சு எடுங்கள். ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கும் பட்டறைகளில் கண்ணாடிமேல்தான் வண்ணக் கலவையை ஊற்றுவார்கள். மூலை உடைந்த கண்ணாடிகளைக் கேட்டால் கொடுப்பார்கள். நான் அவற்றில்தான் அச்சு எடுப்பது வழக்கம். குடையைச் செவுள் கீழாக வைத்து, கிண்ணத்தால் மூடி, ஓர் இரவு விட்டால் போதும். டெர்மிடோமைசஸ் என்றால் இளஞ்சிவப்பாக விழும். க-7 போன்றது என்றால் பச்சை. கண்ணாடியைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்து இருபது முப்பது ஸ்போர்களையாவது அளந்து சராசரி எழுதுங்கள். மெல்சர் அயோடின் கரைசலில் டெர்மிடோமைசஸின் ஸ்போர்கள் நிறம் மாறாது. குளோரோஃபில்லத்தின் ஸ்போர்கள் தடித்த சுவரோடு செம்பழுப்பாக மாறும்.

உருவம் ஏமாற்றியதே இல்லை என்று நான் சொல்லவில்லை. எண்பதுகளில் தேவகோட்டைப் பக்கம் வைக்கோல் போரிலும் சாணக் குவியலிலும் பறித்த மைக்காளான்கள் பதினான்கு பொதிகள் என்னிடம் இருந்தன. செவுள் கரைந்து கறுப்பு மையாக ஒழுகினால் அது காப்ரினஸ், அப்படித்தான் நாங்கள் படித்தோம். மரபணுவைப் பார்த்தபின் 2001இல் அந்தப் பேரினத்தையே பிரித்துவிட்டார்கள். காப்ரினஸ் கோமேட்டஸும் இன்னும் சிலவும் மட்டும் அந்தப் பெயரில் நின்றன. மற்றவை காப்ரினாப்சிஸ், காப்ரினெல்லஸ், பாராசோலா என்று வேறொரு குடும்பத்துக்கே போயின. மையாக ஒழுகும் பழக்கம் தனித்தனியாகத் தோன்றியது என்று உருவம் எங்களுக்குச் சொல்லவில்லை. பதினான்கு பொதிகளிலும் புதுப் பெயரை எழுதிச் சீட்டு வைத்தேன். பழைய சீட்டைக் கிழிக்கவில்லை. நீங்களும் எந்தக் காலத்திலும் கிழிக்காதீர்கள். அன்று நாம் என்ன நினைத்தோம் என்பதும் பதிவுதான். பொதியில் காளான் இருந்ததால்தான் பெயரைத் திருத்த முடிந்தது. வெறும் பெயரை மட்டும் ஏட்டில் எழுதியிருந்தால் எதைத் திருத்துவது?

இப்போது செய்ய வேண்டியது: உலர்ந்த க-4இன் செவுளிலிருந்து அரிசி அளவு துணுக்கைக் கிள்ளி மறுபடி அனுப்புங்கள். இனிமேல் பறிக்கும்போது குடையைப் பிளந்து, காற்றுப் படாத உட்சதையிலிருந்து எடுத்து, அன்றே சிலிகா மணிகளில் போடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். உங்கள் பெயரில் இருக்கும் ஓலைக் கொட்டானே போதும், காற்று ஓடும், காளான் வியர்க்காது. வெயிலில் காய வைக்காமல் நாற்பது டிகிரி அளவில் காற்று ஓட்டி உலர்த்துங்கள். இன்னொன்று, பலரும் மறப்பது: அந்தப் புற்றின் கறையானையும் எடுங்கள். பெரிய தலையுள்ள போர்வீரர் கறையான் நாலைந்து, ஆல்கஹாலில். காளானின் பெயரோடு கறையானின் பெயரும் நின்றால்தான் அது முழுப் பதிவு.

எந்தப் பெயர் எழுதுவது என்றால், நுண்ணோக்கி அளவுகளை நடராஜனின் விவரிப்போடு ஒப்பிடும்வரை பேரினத்துக்கும் இனத்துக்கும் நடுவில் சி.எஃப். என்று போடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்கத்தக்கது என்று அதற்குப் பொருள். அப்பத்தா சொன்னதையும் அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். அறுபது ஆண்டு ஒரே புற்றைப் பார்த்தவர் எந்த ஆய்வகத்திலும் இல்லை.

புதுவயல் தோப்பு எழுதியது:

ஐயா எழுதியது நன்றாக இருந்தது. எனக்கு அறிவியல் தெரியாது, தென்னை விவசாயி. ஆனால் சாப்பிடும் காளானா என்று பார்க்க எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. குழம்பு கொதிக்கும்போது வெள்ளிக்காசு போடுவோம், கறுத்தால் கொட்டிவிடுவோம். பூண்டு போட்டும் பார்ப்பார்கள். இவ்வளவு செலவு எதற்கு?

இன்னொரு கேள்வி. என் தோப்பில் நான்கு தென்னைகளின் அடியில் பளபளவென்று செம்பழுப்பாக, மரத்தட்டு போல ஒன்று வந்திருக்கிறது. அதுவும் காளானா?

இரவுப்பணி எழுதியது:

அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் செவிலியர். இதைப் படித்ததும் உடனே எழுத வேண்டும் என்று தோன்றியது. வெள்ளிக்காசு, பூண்டு, மஞ்சள், அரிசி, எதுவும் காளானின் நஞ்சைக் காட்டாது. வெள்ளி கறுப்பது கந்தகத்தால். ஆளைக் கொல்லும் அமாடாக்சின் வெள்ளியைத் தொடுவதே இல்லை, கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. உண்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது, பிறகு வாந்தி பேதி, அது அடங்கியதும் தேறிவிட்டது போலிருக்கும், அதற்குள் கல்லீரல் போயிருக்கும்.

கொட்டான் எழுதிய க-7 வகையால் உயிர் போவது அரிது. ஆனால் ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தியும் பேதியும் வரும், குழந்தைகள் துவண்டுவிடுவார்கள். அதன் செவுள் இளசாக இருக்கும்போது வெள்ளையாகவே இருக்கும், முற்றினால்தான் பச்சை. அதனால்தான் ஏமாறுகிறார்கள். யாராவது காளான் சாப்பிட்டு முடியாமல் வந்தால் மிச்சக் காளானையும், தோலை உரித்துப் போட்ட குப்பையையும், வாந்தியையும்கூட ஒரு காகிதப் பையில் எடுத்து வாருங்கள். எங்களுக்கு அதுதான் முதல் துப்பு.

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

செவிலியர் அம்மா சொன்னதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை.

தோப்புக்காரருக்கு: அது கானோடெர்மாவாக இருக்கலாம், தென்னையின் அடித்தண்டை அழுகச் செய்வது. 1952ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் தஞ்சை மாவட்டத்தில் தென்பட்டதால் தஞ்சாவூர் வாடல் என்று பெயர் பெற்றது. மரத்தட்டு வெளியே வந்துவிட்டால் உள்ளே நோய் முற்றியிருக்கும். வேளாண் அலுவலரைக் கூட்டிவந்து காட்டுங்கள், பாதித்த மரத்தைச் சுற்றி அகழி வெட்டிப் பக்கத்து மரங்களின் வேரைத் தனிப்படுத்தச் சொல்வார்கள். பழைய நூல்களில் இதற்குக் கானோடெர்மா லூசிடம் என்று போட்டிருக்கும். அந்தப் பெயர் 1781இல் இங்கிலாந்தில் பறித்ததற்கு வைத்தது. உலகெங்கும் பளபளத்ததற்கெல்லாம் அதையே ஒட்டிவிட்டார்கள். சீனத்தில் மருந்தாக வளர்ப்பதும் அது அல்ல என்று தெரிந்து 2012இல் லிங்ஷி என்று தனி இனமாகப் பிரித்தார்கள். நம் தென்னந்தோப்புப் பூஞ்சையையும் அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

புதுவயல் தோப்பு எழுதியது:

நன்றி ஐயா. செவிலியர் தங்கைக்கும் நன்றி. வீட்டில் படித்துக் காட்டினேன். இனிக் காசு போடும் வழக்கம் இல்லை, தெரியாத காளான் வீட்டுக்குள் வராது. மரங்களைக் காட்ட நாளை போகிறேன்.

கொட்டான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஏழு வாரம் கழித்து வருகிறேன்.

க-4இன் உலர்ந்த செவுளை அனுப்பினேன். முடிவு வந்துவிட்டது. சைலேரியா எங்கும் இல்லை. க-3இன் வரிசையோடு முழுவதும் ஒத்துப்போகிறது. ஓர் இடத்தில் மட்டும் வரைபடத்தில் இரட்டை மேடு இருந்தது. மைக்ரான் அவர்களிடம் தனியே கேட்டேன். காளானின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு உட்கருக்கள் இருப்பதால் இரண்டுக்கும் ஓர் எழுத்து வேறுபட்டால் அப்படி வரும் என்று விளக்கினார்.

க-3, க-4 இரண்டின் ஸ்போர்களையும் முப்பது முப்பதாக அளந்தேன். நீள்வட்டம், மெல்லிய சுவர், மெல்சரில் நிறமாற்றம் இல்லை. சராசரியில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. மூலமாதிரிகளை மட்டும் தேடிப் பார்த்தபோது யூரைசஸ் பெயருக்கு என் கையில் பிடிமானம் எதுவும் இல்லை என்று புரிந்தது. இத்தனையையும் எடுத்துக்கொண்டு வழிகாட்டியிடம் போனேன். முதல் முடிவையும் இரண்டாம் முடிவையும் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு உருவ விவரிப்புக்குத் தனி இயல் சேர்க்கச் சொன்னார்.

அப்பத்தாவிடம் முடிவைச் சொன்னேன். "இதைத்தானே அன்றே சொன்னேன்" என்றார், பிறகு நுண்ணோக்கிப் படத்தைக் கேட்டு வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். இத்தனை சிறியதிலிருந்தா இவ்வளவு பெரியது வருகிறது என்று இரண்டு முறை கேட்டார்.

பொதியின் மேல் ஒட்டிய சீட்டை இங்கே தருகிறேன். பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்துகிறேன்.

"க-4. டெர்மிடோமைசஸ் சி.எஃப். ஹெய்மி. கானாடுகாத்தான் அருகே, ஊருணிக்கு மேற்கே செம்புராங்கல் மேடு, கறையான் புற்றின் அடி. ஐப்பசி, இடிமழைக்குப் பின் ஐந்தாம் நாள். குடை 4 செ.மீ., பழுப்பு, வளையம் கிழிந்தது. க-3 இதே புற்றில் நான்கு நாள் முன்பு பறித்தது. முதல் வரிசை, பொய்வேர் நுனியிலிருந்து: சைலேரியா, புற்று அடையிலிருந்து ஒட்டியது. இரண்டாம் வரிசை, செவுளிலிருந்து: க-3 உடன் ஒத்தது. உள்ளூர்ப் பெயர்: புற்றுக்காளான். சொன்னவர்: அப்பத்தா. 'முதல் இடிக்கு வருவது பருத்து வரும், பின்னால் வருவது சூம்பி வரும், இரண்டும் ஒன்றுதான்.' கறையான்: எடுக்கவில்லை."

அந்தக் கடைசி வரிதான் உறுத்துகிறது. சின்னப் புட்டியில் ஆல்கஹால் ஊற்றி மூடி, கொட்டானுக்குள் இப்போதே வைத்துவிட்டேன்.